கேட்காமல் ஒட்டிய தோல்

மூன்றாவது கையுறையும் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது சார்ட்டரக்காவுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. வெளியே மூன்று நாளாக விடாத மழை. வீட்டுக்காரர் தொப்பலாக நனைந்து வாசலில் நின்றார். பொட்டலம் மட்டும் ஒரு சொட்டு நனையவில்லை. சட்டைக்குள் வயிற்றோடு ஒட்டிவைத்துக் கொண்டுவந்திருக்கிறார். குடை எங்கே என்று கேட்டாள். கடையில் மறந்துவிட்டதாம். குடையை மறப்பார், அரிசியை மறப்பார், பெற்ற அப்பாவின் மாத்திரையை மறப்பார். பில்லியர்ட்ஸ் சாமான் விற்கிற கடைக்குப் போகும் வழியை மட்டும் கண்ணைக் கட்டிவிட்டாலும் கண்டுபிடித்துவிடுவார்.

பிரித்துக் காட்டினார். மூன்று விரலுக்கு மட்டும் உறை உள்ள கறுப்புத் துணி. இடது கையில் மாட்டிக்கொண்டால் மழைக்காலத்திலும் கை பிசுபிசுக்காதாம், ஸ்டிக் அதன்மேல் வழுக்கிக்கொண்டு ஓடுமாம். ஏற்கனவே இரண்டு இருக்கிறதே என்றாள். அது வேறு துணி, இது வேறு துணி என்றார். அவள் வாங்கி, அலமாரியில் மற்ற இரண்டோடு வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.

விஷயம் தெரியாதவர்கள் அவரைத்தான் ஆட்டக்காரர் என்று நினைப்பார்கள். ஆடுவது அவள். தபால் ஆபீஸில் கடிதம் பிரிக்கிற வேலை; அங்கே சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவள் சார்ட்டரக்கா. காலை ஐந்து மணி ஷிஃப்ட் பன்னிரண்டுக்கு முடியும். வீட்டுப் பக்கம் வருகிற பஸ் ஒன்றரைக்குத்தான். நடுவில் உட்கார இடம் தேடி மாடியில் இருந்த ஆபீஸ் கிளப்புக்குப் போனாள். அங்கே ஒரு பழைய பில்லியர்ட்ஸ் மேஜை இருந்தது, அதற்கு ஒரு மார்க்கரும் இருந்தார். பாயின்ட் சொல்வது, பச்சைத் துணியைத் தூசு தட்டி இஸ்திரி போடுவது, பந்தைத் துடைப்பது எல்லாம் அந்த மார்க்கர்தான். சும்மா உட்கார்ந்திருப்பதற்கு ஒரு கை பாருங்களேன் என்று ஸ்டிக்கை நீட்டியவரும் அவர்தான். இது நாலு வருஷத்துக்கு முந்தைய கதை. கடிதத்தில் முகவரியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, எதிரே உள்ள தடுப்பு அறைகளைப் பார்க்காமலே சரியான அறைக்குள் எறிகிற கை அவளுடையது. பந்தும் சொன்ன பேச்சைக் கேட்டது. ஒரு வருஷத்தில் ஆபீஸில் அவளோடு ஆட ஆள் குறைந்துபோனது.

வீட்டுக்காரர் பைண்டர். வீட்டின் முன்னறைதான் அவருடைய பட்டறை. காகிதம் வெட்டுகிற பெரிய கத்தி, தையல் சட்டம், இரும்புத் திருகு போட்ட பிரஸ், மூலையில் பசைச் சட்டி. நூலகப் புத்தகம், கோர்ட்டுக் கட்டு, காலேஜ் பிள்ளைகளின் ஆராய்ச்சி ரிப்போர்ட் என்று வேலைக்குக் குறைவில்லை. தோல் முதுகு போட்டு அவர் பைண்ட் செய்த புத்தகத்தைக் கையில் எடுத்தால் கீழே வைக்க மனசு வராது. கெட்டிக்காரர்தான், யாரும் இல்லையென்று சொல்லவில்லை. தன் கெட்டிக்காரத்தனம் எந்த வாசலோடு முடிகிறது என்று தெரியாத கெட்டிக்காரர், அவ்வளவுதான் குறை.

பில்லியர்ட்ஸ் ஆடத் தெரியாது அவருக்கு. ஒரே ஒரு தடவை கிளப்புக்கு வந்தபோது ஸ்டிக்கை எடுத்து ஓங்கிக் குத்தினார். பந்து அசையவில்லை, பச்சைத் துணியில் கோடு விழுந்தது. நீங்கள் உட்கார்ந்து பாருங்கள் சார், அதுதான் எல்லோருக்கும் நல்லது என்று மார்க்கர் பவ்யமாகச் சொல்லி நாற்காலியைக் காட்டினார். அன்றிலிருந்து அவர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே ஆட ஆரம்பித்துவிட்டார். அதாவது, வாங்க ஆரம்பித்துவிட்டார். ஸ்டிக் நுனியில் தேய்க்கிற சாக்கட்டி மட்டும் நாலு கம்பெனி. ஸ்டிக்கை நீட்டிக்கொள்ள ஒரு குழாய். நுனித் தோலை உருண்டையாகச் சீவ ஒரு சின்ன இயந்திரம். ஸ்டிக்கைத் துடைக்க ஒரு துணி, அந்தத் துணியை வைக்க ஒரு பை. சாய்வு பார்க்கும் ரசமட்டம் ஒன்று. மேஜையே ஆபீஸுடையது, அதன் சாய்வைப் பார்த்து இவர் என்ன செய்யப்போகிறார் என்று கேட்கக் கூடாது.

புத்தக விஷயத்தில் மட்டும் அவரைக் குறை சொல்ல அவளுக்கே நாக்கு எழாது. அகராதியை மடியில் வைத்துக்கொண்டு பதினோரு புத்தகம் படித்திருக்கிறார். அதில் மூன்றுதான் வாங்கத் தகுந்தவை என்பது அவர் முடிவு. கோணங்களைச் சொல்லும் பச்சை அட்டை. எப்படி நிற்பது, எப்படிக் குனிவது என்று மட்டுமே சொல்லும் ஒல்லிப் புத்தகம். ஆயுள் முழுக்க மேஜையும் ஸ்டிக்கும் பழுது பார்த்த ஒருவர் எழுதிய பழுப்பு அட்டை. மற்ற எட்டும் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவை, படத்தில் பந்தின் நிறம்தான் வேறு என்பார். அந்த எட்டும் வாங்கத் தகாதவை என்று தெரிந்துகொள்வதற்காக அந்த எட்டையும் வாங்கியிருந்தார். எல்லாவற்றுக்கும் காலிகோ துணி போட்டு, பெயர் பொறித்து, அவளுடைய புடவை அலமாரியின் நடுத்தட்டில் அடுக்கியிருந்தார். புடவைகள் கீழே பெட்டிக்குள் போய்விட்டன.

சாப்பாட்டு நேரத்தில் வாசிப்பு நடக்கும். தாடை எங்கே இருக்க வேண்டும், முழங்கை எங்கே இருக்க வேண்டும் என்று சோற்றுக் கையோடு பக்கம் புரட்டுவார். அவள் விடியற்காலை எழுந்து ஏழு மணி நேரம் நின்று வேலை பார்த்துவிட்டு, ஒரு மணி நேரம் ஆடிவிட்டு, பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, மாமனாரைக் குளிப்பாட்டிச் சாப்பாடு ஊட்டிவிட்டு உட்கார்ந்திருப்பாள். அவளுடைய முழங்கை எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். வலிக்கிற இடத்தில் இருக்கிறது.

இதெல்லாம் நாலு வருஷமாக ஓடிக்கொண்டிருந்த கதை. போன மாதம்தான் கழுத்துக்குக் கத்தி வந்தது. அவள் பெயருக்கு டிரான்ஸ்ஃபர் ஆர்டர். ஒன்பது மணி நேரம் ரயிலில் போக வேண்டிய ஊர். அங்கே மூன்று வருஷம் இருந்தே ஆக வேண்டும். மாமனாருக்கு இடுப்பு எலும்பு உடைந்து படுக்கையோடு ஒன்றரை வருஷம் ஆகிறது. தானாகப் புரள முடியாது. அவருக்கு எல்லாம் அவள்தான். மகன் பக்கத்து அறையில்தான் இருக்கிறார், ஆனால் உன் கை வாகு எனக்கு வராது என்று ஒரே வார்த்தையில் ஒதுங்கிக்கொள்வார். அவள் ஷிஃப்ட்டில் இருக்கும் நேரத்துக்குப் பக்கத்து வீட்டு நர்ஸம்மா இரண்டு தடவை வந்து எட்டிப் பார்ப்பாள். மூன்று வருஷத்துக்கு யாரை வந்து எட்டிப் பார்க்கச் சொல்வது?

ஒரே ஒரு வழி இருந்தது. ஆபீஸ் அணியில் ஆடுகிறவர்களை இரண்டு வருஷத்துக்கு இடம் மாற்றுவதில்லை. பில்லியர்ட்ஸ் அணிக்கு நாலு பேர். மூன்று பேர் முடிவாகிவிட்டார்கள். நாலாவது இடத்துக்கு இவளும் ஸ்டாம்ப் கவுண்டரில் இருக்கும் ஒருவரும். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, நூறு பாயின்ட் ஆட்டம். யார் முதலில் நூறு தொடுகிறாரோ அவர் பெயர் அன்று மத்தியானமே தலைமை ஆபீஸுக்குப் போகும்.

வியாழக்கிழமை சாப்பிடும்போது பைண்டர் பழுப்பு அட்டையைக் கையில் எடுத்தார். அதில் டிப்பைப் பற்றி மட்டும் முப்பது பக்கம் இருக்கிறது. ஸ்டிக்கின் நுனியில், பித்தளை வளையத்துக்கு மேலே, சட்டைப் பட்டன் அளவுக்கு ஒட்டியிருக்கும் தோல்தான் டிப். பந்தில் படுவது அதுதான். அவளுடைய டிப் தேய்ந்து தேய்ந்து மெலிந்திருந்தது, ஓரம் பிதுங்கியிருந்தது. இவ்வளவு மெலிந்தால் மாற்றியே தீர வேண்டும் என்று புத்தகத்தில் போட்டிருப்பதாக விரலை வைத்துக் காட்டினார். புது டிப் ஒன்று வாங்கியும் வைத்திருந்தார். பதினான்கு அடுக்குத் தோலாம். தன் நோட்டில் அதற்கு ஐந்து நட்சத்திரம் போட்டிருக்கிறாராம்.

அவள் சோற்றைப் பிசைவதை நிறுத்தினாள்.

"இங்க பாருங்க. அந்த டிப் மெலிஞ்சுதான் இருக்கு, எனக்குத் தெரியும். எந்தப் பக்கம் எவ்வளவு மெலிஞ்சிருக்குன்னும் தெரியும். அதை வச்சுத்தான் நான் ஆடுறேன். சனிக்கிழமை முடியட்டும், அப்புறம் நீங்க ஸ்டிக்கையே மாத்துங்க. அதுவரைக்கும் அதுல கை வைக்காதீங்க."

"புஸ்தகத்துல என்ன சொல்லியிருக்குன்னா..."

"கை வைக்காதீங்க."

உள்ளறையிலிருந்து பெரியவர் குரல் கொடுத்தார். "டேய், அவ சொல்றது காதுல விழுந்துதா?"

விழுந்தது என்றார் பைண்டர். சலிப்போடு புத்தகத்தை மூடி, அடையாளத்துக்கு ஒரு காகிதத் துண்டு வைத்தார்.

வெள்ளிக்கிழமை ஆபீஸில் மழையால் வண்டி தாமதம். மூன்று நாள் தபால் ஒன்றாக வந்து கொட்டியது. சாக்குகள் நனைந்திருந்தன. உறைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, மை கசிந்து, முகவரியைப் படிக்க விளக்கின் கீழே பிடிக்க வேண்டியிருந்தது. ஒவ்வொன்றாகப் பிரித்து மேஜையில் விரித்து, விசிறியின் கீழே ஆறவிட்டு எறிந்தாள். பன்னிரண்டு மணிக்கு முடிய வேண்டியது ஒன்றே கால் ஆனது. அன்று கிளப்புக்குப் போகவில்லை. போட்டிக்கு முந்தைய நாள் ஸ்டிக்கைத் தொடுவதில்லை என்று அவளுக்கு ஒரு பழக்கம். ஸ்டிக் வீட்டில் உறைக்குள் இருந்தது. வீட்டுக்கு வந்து, பெரியவரைப் பார்த்துவிட்டு, கண் எரிகிறது என்று சுருண்டு படுத்தவள் மூன்று மணி நேரம் அசையவில்லை.

அந்த மூன்று மணி நேரத்தில்தான் அது நடந்தது.

பைண்டரை வில்லன் என்று நினைத்துவிடக் கூடாது. அவள் தூங்குவதைக் கதவருகே நின்று பார்த்தார். கைவிரலெல்லாம் மை, காலில் மழைச் சேறு காய்ந்திருந்தது. இவள் போய்விட்டால் என்ன ஆகும் என்று நினைத்தார். அவளுக்காக எதையாவது செய்தாக வேண்டும் போலிருந்தது. பாத்திரம் கழுவலாம், அப்பாவின் படுக்கை விரிப்பை மாற்றலாம். அதெல்லாம் அவர் புத்திக்கு எட்டவில்லை. எட்டியது டிப்தான். தோல் அவருக்குத் தெரியாத பொருளா? வாழ்நாளெல்லாம் தோலைச் சீவி, மெலித்து, ஒட்டுகிறவர். புத்தகம் வேறு துணைக்கு இருக்கிறது. நாளைக்கு மேஜையில் நின்று முதல் அடி அடித்ததும் அவள் திரும்பிப் பார்த்துச் சிரிப்பாள் என்று மனசுக்குள் படம் ஓடிவிட்டது.

உறையிலிருந்து ஸ்டிக்கை எடுத்தார். பழைய தோலைக் கத்தியால் சுத்தமாகச் சீவி எறிந்தார். பித்தளை வளையத்தை உப்புத்தாளால் தேய்த்தார். புத்தகத்தில் சொன்ன பசை வீட்டில் இல்லை. இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன, தன் பசையைவிட நல்ல பசை எது என்று சட்டியிலிருந்து எடுத்துத் தடவினார். புதுத் தோலை வைத்து அழுத்தி, ஓரத்தைச் சீவி, உருட்டி, ஒரு மணி நேரம் கட்டையால் முட்டுக்கொடுத்து நிறுத்தினார். பார்க்க அச்சில் வார்த்தது போல இருந்தது.

பெரியவர் படுக்கையிலிருந்து திறந்த கதவு வழியே இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளிடம் கேட்டாயா என்றார். காலையில் தெரிந்துகொள்வாள், சந்தோஷப்படுவாள் என்றார் மகன். கேட்டாயா என்று மறுபடியும் கேட்டார். தூங்குகிறவளை எழுப்பிக் கேட்பார்களா என்று மகன் கதவைச் சாத்திவிட்டார். ராத்திரி அவளிடம் சொல்லப் பெரியவர் வாயெடுத்தார், ஆட்டத்துக்கு முன்னால் அவள் தூக்கம் கெட வேண்டாம் என்று விட்டுவிட்டார்.

சனிக்கிழமை காலையும் மழை. பஸ் ஜன்னலெல்லாம் சாத்தி உள்ளே புழுங்கியது. அவள் ஸ்டிக் உறையை மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பைண்டர் மூன்றாவது கையுறை, இரண்டு சாக்கட்டி, பச்சை அட்டைப் புத்தகம் எல்லாம் பையில் போட்டுக்கொண்டு வந்தார். வழியெல்லாம் அவர் பேசவில்லை. அவ்வளவு அமைதியான மனுஷன் இல்லையே என்று அவளுக்கு லேசாக உறுத்தியது. பாவம், அவருக்கும் பயமாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

கிளப்பில் மார்க்கர் மேஜைத் துணிக்கு இஸ்திரி போட்டு முடித்திருந்தார். ஸ்டாம்ப் கவுண்டர்காரர் எழுந்து வணக்கம் சொன்னார். நல்ல மனிதர், அவருக்கும் ஒரு டிரான்ஸ்ஃபர் ஆர்டர் காத்திருந்தது, பள்ளிக்கூடம் போகிற இரண்டு குழந்தைகள். கிளப் செகரட்டரி கையில் காகிதத்தோடு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் உறையைத் திறந்து ஸ்டிக்கை உருவி, பழக்கத்தில் கட்டைவிரலால் நுனியைத் தொட்டாள்.

தொட்ட விரல் அங்கேயே நின்றுவிட்டது.

உயரமாக, வழவழப்பாக, முகம் தெரியாத ஒன்று அங்கே உட்கார்ந்திருந்தது. ஒரு நிமிஷம் வேறு யாருடைய ஸ்டிக்கையோ மாற்றி எடுத்து வந்துவிட்டோமோ என்றுகூட நினைத்தாள். பிறகு தலையைத் திருப்பினாள். நாற்காலியில் பைண்டர் முகமெல்லாம் பல்லாக உட்கார்ந்திருந்தார்.

மார்க்கர் வந்து வாங்கிப் பார்த்தார். நகத்தால் ஓரத்தை அழுத்தினார். தோல் ஒரு மயிரிழை நகர்ந்து திரும்பவும் வந்தது. யார் ஒட்டியது என்று கேட்டார். நான்தான் என்று பைண்டர் எழுந்து வந்தார். என்ன பசை என்று கேட்டார் மார்க்கர், பைண்டர் சொன்னார்.

"சார், அது புஸ்தகத்துக்குப் போடுற பசை. புஸ்தகத்தோட முதுகு வளையணும், அதனால அந்தப் பசை காஞ்சாலும் வளைஞ்சு கொடுக்கும். இது வளையக் கூடாது, இரும்பு மாதிரி நிக்கணும். அதுலயும் இந்த மழைக்கு இன்னும் காயவே இல்ல."

பைண்டரின் பல் மறைந்தது. மழைக்காலத்தில் புத்தகம் கேட்டு அவசரப்படுகிறவர்களிடம், இரண்டு நாள் பிரஸ்ஸில் இருந்தால்தான் பசை இறுகும், முன்னால் கொடுக்க மாட்டேன் என்று கறாராகப் பேசுகிறவர் அவர். அவளுடைய ஸ்டிக்குக்கு ஒரு மணி நேரம் கொடுத்திருந்தார்.

ஸ்டாம்ப் கவுண்டர்காரர், வேண்டுமானால் திங்கட்கிழமை ஆடலாமே என்றார். செகரட்டரி தலையை ஆட்டினார். பெயர் இன்று ஒரு மணிக்குள் போயாக வேண்டும். சுவர் ஓரம் கிளப் ஸ்டிக்குகள் இருந்தன. மழை ஈரத்தில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் வளைந்திருந்தது. மெதுவாக அடிக்கிற வரைக்கும் இது தாங்கும், வேகமாக அடித்தால் சொல்ல முடியாது என்றார் மார்க்கர். அவள் யோசித்தாள். டிப் அந்நியம், ஆனால் கட்டை அவளுடையது, எடை அவளுடையது. இதிலேயே ஆடுகிறேன் என்றாள். பைண்டர் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பினால் ஆட முடியாது என்று தெரியும்.

அவள் ஆட்டத்தையே மாற்றிக்கொண்டாள். தூரத்து அடி எதையும் தொடவில்லை. மூன்று பந்தையும் ஒரு மூலைக்குள் திரட்டிவைத்துக்கொண்டு, தன் பந்து மற்ற இரண்டையும் உரசுகிற மாதிரி மெல்ல மெல்ல, இரண்டு இரண்டு பாயின்ட்டாகச் சேர்த்தாள். மார்க்கர் குரலில் எந்த ஏற்ற இறக்கமும் இல்லாமல் எண்ணிக்கொண்டே போனார். நாற்பது. ஐம்பத்திரண்டு. ஒவ்வொரு அடிக்கும் நுனித் தோல் நெளிவது உள்ளங்கைக்குத் தெரிந்தது. எதிராளி நடுவில் வந்து ஐம்பத்தெட்டு வரைக்கும் சேர்த்துவிட்டுத் தப்பவிட்டார். மறுபடி அவள். எழுபத்திரண்டு. எதிராளி ஐம்பத்தெட்டு.

அப்போது பந்துகள் கலைந்தன. சிவப்புப் பந்து மேஜையின் அந்தக் கோடியில் போய் நின்றது. வேறு வழியே இல்லை. ஓங்கி ஒரு அடி அடித்தால்தான் உண்டு. பழைய டிப்பாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பாள். குனிந்தாள், மூச்சை நிறுத்தினாள், அடித்தாள். சத்தமே சரியில்லை. பந்து ஒரு பக்கம் ஓடியது, பதினான்கு அடுக்குத் தோல் இன்னொரு பக்கம் தெறித்து மேஜை விளிம்பில் விழுந்தது.

ஸ்டாம்ப் கவுண்டர்காரர் தன்னிடமிருந்த இரண்டாவது ஸ்டிக்கைத் துடைத்து அவளிடம் நீட்டினார். அதை வாங்கிக்கொண்டுதான் மீதியை ஆடினாள். கனமான ஸ்டிக், பந்துகள் நினைத்ததைவிட ஒரு சாண் தாண்டித் தாண்டி நின்றன. அதிலும் பன்னிரண்டு பாயின்ட் எடுத்தாள். எண்பத்து நாலோடு அவள் நின்றபோது மார்க்கர் அதே ஏற்ற இறக்கமில்லாத குரலில் நூறு என்று சொன்னார். அது அவள் பெயருக்கு இல்லை. ஸ்டாம்ப் கவுண்டர்காரர் கை குலுக்கும்போது மன்னிப்புக் கேட்பது போலத் தலையைக் குனிந்துகொண்டார். செகரட்டரி காகிதத்தில் பெயரை எழுதினார்.

பஸ் ஸ்டாப்பில் தகரக் கூரை ஒழுகியது. வேறு யாரும் இல்லை. பைண்டர் வெகுநேரம் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல், அந்த ஆள் கொடுத்த ஸ்டிக் உனக்கு எடை அதிகம், பச்சை அட்டையில்கூட அதைப் பற்றி இருக்கிறது என்றார்.

நாலு வருஷமாக வராத கோபம் அப்போது வந்தது. அவள் கத்தவில்லை.

"நான் உங்ககிட்ட என்னைக்காவது கையுறை கேட்டேனா?"

"நீ கேக்க மாட்டே. அதனாலதான் நானே பார்த்து..."

"புஸ்தகம் கேட்டேனா? சாக் கேட்டேனா? வாங்கிட்டு வந்து நீட்டுறப்பெல்லாம் வாங்கி உள்ள வச்சேன். உங்க மனசு நோகக் கூடாதுன்னு வச்சேன். என் புடவையெல்லாம் பொட்டியில கிடக்கு, அதுக்கும் ஒண்ணும் சொல்லல. நாலு வருஷத்துல நான் உங்ககிட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணு. கை வைக்காதீங்கன்னு கேட்டேன்."

"உன் நல்லதுக்குத்தான் செஞ்சேன்."

"என் நல்லது என்னன்னு என்கிட்ட கேக்கணும்ல? நான் பக்கத்து அறையிலதானே படுத்திருந்தேன்."

நீயும் அந்த ஆளைவிட நன்றாக ஆடியிருக்கலாமே என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூட அவளுக்கு ஆத்திரம் தீரச் சண்டை போட்டிருக்கலாம். அவர் அழுதுவிடுவார் போல நின்றார். அதுவும் அவளுக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. தோற்றது இவள், இப்போது அவரையும் சமாதானப்படுத்த வேண்டுமா? பஸ் வந்ததும் முன்னால் போய்த் தனி ஸீட்டில் உட்கார்ந்துகொண்டாள்.

வீட்டில் நர்ஸம்மா கிளம்பிப் போயிருந்தாள். பெரியவர் அவர்களுடைய முகத்தைப் பார்த்தார். இவளுக்கு அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. எதிராளி நல்ல ஆட்டக்காரர் என்று மட்டும் சொன்னாள். அறை வாசலில் நின்றிருந்த பைண்டர், இல்லை என்றார்.

"இல்லப்பா. நான் டிப்பை மாத்தினேன். அது கழண்டுடுச்சு. அதனாலதான் தோத்தா."

பெரியவர் கண்ணை மூடிக்கொண்டார். எப்போது போக வேண்டும் என்று அவளிடம் கேட்டார். பத்து நாளில் என்றாள். பத்து நாளா என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்தார். வெளியே மழை குறைந்து தூறலாகியிருந்தது.

அவரைப் புரட்டிப் படுக்க வைக்கிற நேரம் அது. அவள் புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு கட்டில் பக்கம் போனாள், போனவள் நின்றாள். திரும்பி, வாசலில் நிற்கிறவரைப் பார்த்தாள்.

"இங்க வாங்க. இனிமே இதை நீங்கதான் செய்யணும்."

"எனக்கு இந்தக் கை வாகு..."

"வரும். வந்து நில்லுங்க."

அவர் வந்து நின்றார். ஒரு கை தோளுக்குக் கீழே, ஒரு கை இடுப்புக்குக் கீழே, தலையணையை முழங்காலுக்கு நடுவில் வைக்க வேண்டும் என்று காட்டினாள். அவர் தலையாட்டிவிட்டு, பிரஸ்ஸிலிருந்து கனமான புத்தகக் கட்டைத் தூக்குகிறவர் போல இரண்டு கையையும் சட்டென்று கீழே கொடுத்து நெம்பினார். பெரியவர் வலியில் முனகினார். பைண்டர் பதறிக் கையை எடுத்துவிட்டார். அப்பாவின் தொடை இவ்வளவு இளைத்திருக்கும் என்று அவருக்கு இன்றுதான் தெரிந்தது.

"தூக்கறதுக்கு முன்னால கேளுங்க," என்றாள் அவள். "அவருக்கு எங்க வலிக்குதுன்னு அவருக்குத்தான் தெரியும். நான் தினமும் கேட்டுத்தான் தொடுவேன்."

பைண்டர் குனிந்தார்.

"அப்பா, திருப்பட்டுமா?"

"கொஞ்சம் இரு."

அவர் இருந்தார். கை இரண்டும் விரிப்புக்கு மேலே, படாமல், அப்படியே நின்றன. பெரியவர் மூச்சு வாங்கிக்கொண்டார், வாயை ஈரப்படுத்திக்கொண்டார், அவசரமே இல்லை அவருக்கு. மகன் நெற்றியில் வியர்வை வழிந்தது. துடைக்கக் கையை எடுக்கவில்லை. ஒன்றும் வாங்காமல், ஒன்றும் சொல்லாமல், இன்னொருவருடைய வார்த்தைக்காக இந்த மனுஷன் காத்துக்கொண்டு நின்றதை அவள் தன் கல்யாண வாழ்க்கையில் பார்த்ததில்லை. அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. ஆத்திரம்தான் நெஞ்சு முட்ட வந்தது. இந்த ஒரு நிமிஷம் நேற்று மத்தியானம் நின்றிருந்தால் என்ன?

"ம்," என்றார் பெரியவர். "இப்பத் திருப்பு."